ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனவர்

பார்ன்ஸ்லி
வியாழக்கிழமை

என் கண்ணு மைராவுக்கு அம்மா எழுதுவது. உலகத்தின் அந்தக் கோடியில், டனீடனில், இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச்சளி எதுவும் இல்லாமல் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு நலம், வீடுதான் நலமாக இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன் வாசல் நடையில் இருக்கிறது, நான் என்ன பேசினாலும் உன் அப்பா காதில் விழும். ஈஸ்டர் அன்று நீ போனை வைத்ததிலிருந்து அவர் என்னிடமே அளந்துதான் பேசுகிறார். டிவியில வர்ற அந்தப் புது 'ஒன்பதாம் கரை' தொடரைப் பார்க்காமலே கண்டனத்தில கையெழுத்துப் போட்டீங்கன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க என்று நீ சொன்னாயாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றியிருக்க மாட்டார், வசனம் மறக்கிற ஆளா அவர்.

வருகிற சனிக்கிழமை சர்ச் கூடத்தில் பழைய தொடரின் ரசிகர் மன்றக் கூட்டம். கண்டனத்தை எழுதியது கிளிஃபர்ட் மாமா, தலைவர் என்று முதல் கையெழுத்துப் போட வேண்டியவர் உன் அப்பா. பார்க்காதவன் பேசக்கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி, அதை எழுதியவரே உன் அப்பாதான். அந்தக் காலத்தில் யாரோ பத்திரிகைக்காரன் ஒரு நாள்கூடப் பார்க்காமல் 'ஒன்பதாம் கரை'யைக் கிண்டலடித்தான் என்று கோபத்தில் எழுதியது. அதைச் சொல்லிக் கேட்டேன். கிளிஃபர்ட் பார்த்துட்டான், அவன் பார்த்தா மன்றம் பார்த்த மாதிரி என்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு என்றால் கண்ணும் ஒன்றாகிவிடுமா என்று கேட்டதற்கு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை மைரா. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொடரில் வரும் விண்கப்பல் இந்த வீட்டில் எனக்குச் சக்களத்தி. கப்பலுக்கு வழி சொல்கிறவளின் பெயரை உனக்கு வைத்தார், என் அம்மாவின் பெயரை வைக்கலாம் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. இப்போது புதுத் தொடரில் அந்த மைரா வயதான காலத்தில் யாரிடமும் சொல்லாமல் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கப்பலை விட்டே போய்விடுகிறாள். முன்னோட்டத்தில் அதைப் பார்த்த அன்றைக்கே, எங்க மைரா கப்பலை விட்டுப் போகவே மாட்டா, இவனுங்களுக்குக் கதையே தெரியல என்று டிவியை அணைத்தவர்தான். எந்த மைராவைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா. நீ கிளம்பிய அன்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லி விமான நிலையத்துக்கு வராமல் இருந்தவர்தானே. மறுநாள் அதே கார் ஒழுங்காக ஓடியது.

நீ சொன்னாயே என்று வெள்ளிக்கிழமைதோறும் நான் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருக்கிறது. பழையதில் ஒருத்தரும் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது, இதில் உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் அழுகிறார்கள், அது வேறு விஷயம். உன் அப்பா சமையலறையில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் நான் எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கப் போவேன், அவர் என்னைத் தாண்டி டிவி இருக்கிற முன்னறைக்கு ஜன்னல் திரையை இழுத்துவிடப் போவார். இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. சனிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும். உங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள இந்தக் கப்பலை விட்டால் வேறு எதுவும் இருந்ததில்லை, அதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் எதற்கு மணி அடிக்கும். மீதியைக் கூட்டம் முடிந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்

ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மன்றத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள், பாதிப் பேர் பழைய நீலச் சீருடையில், வயிற்றுப் பொத்தான் போடமுடியாமல். நானும் என் சிநேகிதி பெரிலும் பின்னால் டீ மேஜையில் இஞ்சி கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். கிளிஃபர்ட் மாமா கண்டனத்தை வாசித்தார். இசையை மாற்றினார்கள், சீருடையை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கைதட்டல். உன் அப்பா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அப்போது கிளிஃபர்ட் மாமா, போன வாரம் நாலாவது பகுதியில மைரா தன் ஆளுங்களை அம்போன்னு விட்டுட்டு, படகு விளக்கையும் அணைச்சுட்டுப் போறா, இதுக்கு மேல என்ன அவமானம் வேணும் என்று வாசித்தார். உன் அப்பா தலையை நிமிர்த்தாமலே, அணைக்கல என்றார். கிளிஃபர்ட் மாமா, நான் பார்த்தேன்ப்பா, அணைச்சா என்றார். உன் அப்பா, அணைச்சா, ஆனா கடைசியில பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் திரும்பி வந்து ஏத்தி வைக்கிறா, கப்பல் பக்கமா திருப்பி வைக்கிறா, தப்பா எழுதாதே என்றார்.

கூடத்தில் எல்லாத் தலையும் உன் அப்பா பக்கம் திரும்பியது. அந்த இடத்தை நான்கூடப் பார்க்கவில்லை மைரா, டீக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேனே. கிளிஃபர்ட் மாமா கோபத்தில் டிவியை அணைத்திருப்பார். கடைசிப் பெயர் ஓடும்வரை எழுந்திருக்காத ஒரே ஆள் இந்த ஊரில் உன் அப்பாதான். சின்ன வயதில் நீ பாத்ரூம் போகத் தவித்தாலும், உழைச்சவங்க பேரு முடியட்டும் என்று உன்னைப் பிடித்து வைப்பாரே, அதே பழக்கம். உனக்கு எப்படித் தெரியும் என்று கிளிஃபர்ட் மாமா கேட்டார். உன் அப்பா, ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனேன் என்றார். பெரில் சும்மா இருக்காமல், ஒரு திரையை இழுக்க இவ்வளவு நேரமா, உங்க வீட்டு ஜன்னல் என்ன சர்ச் ஜன்னலா என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள், கிளிஃபர்ட் மாமா சிரிக்கவில்லை. நீ பார்த்துக்கிட்டே எங்களை ஏமாத்தியிருக்கே என்றார். உன் அப்பா முகம் சிவந்து எழுந்து, எனக்கு இது பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல, ஆனா அவ செய்யாததைச் செஞ்சதா எழுதின காகிதத்தில நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி பேனாவை மூடிவிட்டார். கிளிஃபர்ட் மாமா சட்டையிலிருந்து மன்றச் சின்னத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார், கூடவே ஏழெட்டுப் பேர். மன்றத்துக்கு எப்போதும் கிளிஃபர்ட் மாமா காரில்தான் போய் வருவோம், இன்றைக்கு பஸ்ஸில் வந்தோம். மழை. உன் அப்பா பஸ் ஜன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டே வந்தார். நம் தெருவுக்கு முந்தைய நிறுத்தத்தில், விளக்கை ஏத்தி வச்சிட்டுத்தான் போயிருக்கா எய்லீன் என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், நான் அழுவது தெரிந்தால் அவருக்குக் கஷ்டம்.

இப்போது நடையில் போன் பக்கத்தில் நின்று சரியாக இருக்கிற ஆணியைச் சரி செய்துகொண்டிருக்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்றதும் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார். அந்த விளக்கு பழைய தொடரில் மஞ்சள், இதில் பச்சை, அது இவர்கள் செய்த தப்பா, வேண்டுமென்றே மாற்றியதா என்று உன்னைக் கேட்க வேண்டுமாம். கடிதம் போய்ச் சேரட்டும், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவ எடுப்பாளா என்று கேட்டார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ போன இடத்தில் உனக்கு நல்ல மனிதர்களே அமையட்டும். அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல மாட்டார், நீயும் அதை எதிர்பார்த்து நிற்காதே. விளக்கைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். மணி அடித்தால் எடு.

என்றும் உன்
அம்மா