பாஸ்போர்ட்டை யாரிடம் கொடுத்தாய்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலம் என்று எழுதியதை அம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார், ஒப்பந்தம் முடிந்தால்தான் தருவார், அதனால் தங்கை கல்யாணத்துக்கு வர வழியில்லை, எல்லாம் என் பாதுகாப்புக்குத்தான் என்கிறாய். அடே, கசாப்புக்காரனும் ஆட்டைப் பாதுகாப்பாகத்தான் கட்டி வைக்கிறான்.

போனமுறை வந்தபோது என் மோட்டார் காயில் கட்டும் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இதெல்லாம் ஒரு நாடாப்பா, ஒரு சான்றிதழுக்கு நாலு நாள் வரிசையில நிக்கணும் என்று சிரித்தாய். வரிசையில் நிற்பவனுக்கு நாலாம் நாளாவது ஜன்னல் திறக்கும். உனக்கு அங்கே எந்த ஜன்னல் திறந்தது? போன வாரம் நகராட்சி ஆள் ஒருவன் ஜீப்பில் வந்து, நாளைக்குள் கடையைக் காலி செய் என்றான். உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்றேன். என்ன பெருசு, சட்டம் பேசுறியா என்றான். நான் எங்கய்யா பேசுறேன், நீங்க குடுக்கிற காகிதம் பேசட்டும் என்றேன். டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். போனவன் போனவன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்று, சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பட்டம் வாங்கிய துரை நீ, உன் பொருளைத் திருப்பிக் கேட்க நடுங்குகிறாய். இந்த நாடு ஒன்றும் சொர்க்கமில்லை, திட்டுவதற்கு உன்னைவிட என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் நான் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பாஸ்போர்ட் நம் அரசாங்கத்தின் சொத்து, அதைப் பூட்டி வைக்க அந்த முதலாளி யார் என்று கேட்டு, உன் கடிதத்தின் நகலையும் சேர்த்துத் தூதரகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்காமல்தான் அனுப்பினேன், கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அவர்கள் உனக்குப் போன் செய்வார்கள். மாமாவிடம் அளந்தாயே, எனக்கென்ன மாமா, ராஜா மாதிரி இருக்கேன் என்று, அதை அங்கேயும் அளந்து தொலைக்காதே. நீயே குறையில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள், அப்புறம் நான் எத்தனை மனு போட்டாலும் குப்பைக்குத்தான் போகும். என் பாஸ்போர்ட்டை அவர் வச்சிருக்கார், எனக்கு வேணும். இவ்வளவுதான் சொல்ல வேண்டும், கண்ணாடி முன் நின்று பத்து தடவை சொல்லிப் பழகு.

அம்மா ஆசி சொல்லச் சொன்னாள். என் ஆசியும் உண்டு, தைரியம் வரட்டும். வேளைக்குச் சாப்பிடு. போன் மணி அடித்தால் எடு. அந்த ஒரு வரிக்கும் வாய் வராவிட்டால், ராஜா கல்யாணத்துக்கு வரமாட்டார் என்று தங்கைக்கு உன் கையாலேயே எழுதிப் போடு. அதை நான் போய்ச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத அப்பா