உன் மடியில் இருந்த பீஸ் கட்டை

நைனா,

இன்று மதியம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் அம்மா கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டாள், டி.வி. பிளக்கைப் பிடுங்கினாள். எல்லாம் நீ செய்துகொண்டிருந்ததுதான். நீ செய்யும்போது திட்டிக்கொண்டே இருந்தவள், இப்போது ஒன்றையும் விடாமல் செய்கிறாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பரண்மேல் இருந்த உன் தகர டப்பாவை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"உங்க நைனா சாமானு. வேணும்னா எடுத்துக்கோ. மிச்சத்த காயலாங்கடைல போட்டுட்றேன்."

உள்ளே உன் விசில், பாட்டரி கசிந்து துருவேறிய டார்ச், காக்கிச் சட்டைப் பொத்தான்கள். அடியில் ஒரு பழைய பனியனில் சுற்றி வைத்த பீஸ் கட்டை. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் ஒரு கீறல், நடுவில் சுற்றிய செம்புக்கம்பி. மூக்கருகே கொண்டுபோனேன். கருகிய வாசனை இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் உன்மேல் இருந்த சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போனவர்மேல் சந்தேகப்படலாமா என்று தெரியவில்லை. நீயாக இருந்தால் பட்டிருப்பாய்.

கம்பெனி கேட்டில் நின்று ஆட்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பதுதான் உன் வேலை. அதற்கு முன்பு பிறர் வயலில் நாற்று பிடுங்கியபோதும் நீ இப்படித்தான் இருந்தாய் என்பாள் அம்மா. பால்காரரின் அளவை, தராசின் முள், செல்போன் சொல்லும் மழை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், எதையும் நீ நம்பியதில்லை. பெரும்பாலும் நீ தவறாகவே சந்தேகப்பட்டாய். பெரியபாளையம் போனபோது நம் செருப்பை எவனோ திருடிவிட்டான் என்று கோயில் வாசலில் நீ சத்தம் போட்டது நினைவிருக்கிறதா? அவை உன் கைப்பையிலேயே இருந்தன. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று நீயேதான் வைத்திருந்தாய். ஏன் என்று கேட்டால் உன்னிடம் ஒரே பதில்தான். "எதுக்கும் இருக்கட்டும்."

அந்தப் புயல் மழை வந்த வாரத்தில்தான் எனக்குப் பெங்களூரு கம்பெனியின் இன்டர்வியூ. போனிலேயே முகம் பார்த்துப் பேசும் இன்டர்வியூ. நம் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. தெருவில் யாரிடமும் நிமிர்ந்து பேசாத நான், முன்பின் தெரியாதவர்களிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். நீ கதவருகே நின்று பார்த்தாய். பிறகு கேட்டாய்.

"அந்த டைம்ல கரண்ட் இல்லாம பூட்டா இன்னா பண்ணுவ?"

"போன்ல சார்ஜ் இருந்தா போதும் நைனா."

"சார்ஜும் இல்லன்னா?"

"இல்லன்னா அவ்ளோதான். வேற ஆளப் பாத்துப்பாங்க."

நீ தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாய். பெங்களூருக்கு அனுப்ப உனக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நீ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனால், அங்கே ஹாஸ்டல் கதவுக்கு உள்பக்கம் எத்தனை தாழ்ப்பாள் என்று தினமும் கேட்டாய்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலமே மின்னல் ஆரம்பித்தது. முதல் சத்தத்துக்கே நீ வந்து என் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினாய். "இடி போன் வழியா எறங்கும்." பாதி கூட ஏறியிருக்கவில்லை. மழை விட்டதும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை விடவில்லை, கரண்ட்தான் போனது.

அப்படி ஒரு இரவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சிமெண்ட் ஷீட்டின் மேல் யாரோ கூடை கூடையாக ஜல்லி கொட்டுவது போலிருந்தது. காற்று ஷீட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மின்னல் வெட்டும்போதெல்லாம் சுவரிலிருந்த ஆணி வரை தெரிந்தது, அடுத்த நொடி எதுவும் தெரியவில்லை. அம்மா "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீ எங்கள் இருவரையும் சுவரை விட்டுத் தள்ளி நடுவில் உட்கார வைத்துவிட்டு, ஷீட்டைத் தாங்கும் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வெளியே எங்கோ ஏதோ படீரென்று முறிந்தது. "இன்னாது அது?" என்றாள் அம்மா. "மரமா இருக்கும்" என்று நீ சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து, "மரந்தானான்னு தெரியல" என்றாய்.

விடிந்தபோது மழை தூறலாகிவிட்டது. நீ வீட்டில் இல்லை. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நீ அதன் சிமெண்ட் மேடையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். விடியும் முன்பே போய் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாய். லைன்மேன் வரும்வரை காத்திருக்கும் வழக்கம் நம் தெருவில் என்றும் இருந்ததில்லை. பீஸ் போனால் யாராவது ஒருவர் பிடுங்கிக் கம்பி சுற்றிப் போட்டுவிடுவார். அப்படிப் போடுவதில் கெட்டிக்காரர் கம்பெனி பஸ் ஓட்டும் சம்பத்து மாமா. அவர்தான் உன் முன்னால் நின்றார்.

பக்கத்துத் தெருவில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. அங்கே கரண்ட் வந்துவிட்டது.

"கட்டைய குடுணா. அந்தாண்ட தெருவுல சட்னியே அரைக்கிறான். நம்ம தெருவுல குடிக்கத் தண்ணி இல்ல."

"லைன்மேன் வரட்டும்."

"அவரு வந்து இன்னா பண்ணப் போறாரு?"

"பாத்துட்டுச் சொல்லட்டும்."

"எதப் பாத்துட்டு?"

"எதுனா இருக்கும்."

"எதுனான்னா?"

நீ மடியிலிருந்த கட்டைகளை எண்ணிப் பார்த்தாய். சம்பத்து மாமாவின் மனைவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"மீன் கொழம்பையே மோந்து பாத்துட்டு உள்ள உட்ற மனுசன். கரண்ட்ட மட்டும் சும்மா உட்டுருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கட்டிக்கினு வந்த புதுசுல என் டிரங்குப் பொட்டிக்கே பூட்டுப் போட்டு சாவிய இடுப்புல சொருகிக்கினு இருந்தாரு."

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். போனில் சிவப்புக் கோடு காட்டியது. நான் நேராக உன்னிடம் வந்து கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. உன் கண்ணில் படும்படி போனை மட்டும் தூக்கிக் காட்டினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய். சம்பத்து மாமா அதையும் கவனித்துவிட்டார்.

"ஓ, இதான் சங்கதியா. பொண்ணுக்கு இன்னிக்கு இன்டர்வியூல்ல? பெங்களூரு போயிடுமேன்னு தெருவையே இருட்டுல வெச்சிக்கீறியா?"

"இல்லை" என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். நீ மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய், அவ்வளவுதான். அன்று கதவருகே நின்று நீ கேட்ட கேள்வி, சார்ஜரைப் பிடுங்கிய கை, தாழ்ப்பாள் கணக்கு எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. அந்த நிமிடம் உன்னை நான் முழுவதுமாகச் சந்தேகித்தேன். சந்தேகப்படுவது எப்படி என்று நம் வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

யாரிடமும் சொல்லாமல் சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கும்மிடிப்பூண்டி போய்விட்டால் எந்தக் கடையிலாவது சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குப் பின்னால் வெள்ளைக் கல் நட்ட பிளாட் வழியாகப் போனால் பஸ் ஸ்டாப் பக்கம். கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பெண்களெல்லாம் அந்த வழிதான் போவார்கள். பிளாட் முழுவதும் தண்ணீர் நின்றது. கல்லின் தலைகள்தான் தெரிந்தன. சுடிதாரை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு இறங்கி, பாதி தூரம் போயிருப்பேன்.

எதிரே இருந்த கம்பத்தில் ஏதோ சரியில்லை. மேலே நான்கு கம்பிகள் ஓட வேண்டிய இடத்தில் மூன்றுதான் ஓடின. நான்காவது கம்பி கம்பத்திலிருந்து கீழே வளைந்து இறங்கி, எனக்கு முன்னால் தண்ணீருக்குள் போயிருந்தது. இரவில் முறிந்தது மரமில்லை. அந்தக் கம்பி நம் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது. அதே தண்ணீரில்தான் நான் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தேன்.

எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. டிரான்ஸ்பார்மரடிக்கு வந்து சேர்ந்தபோது சம்பத்து மாமா உன் தோளில் கைவைத்து எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர்கள் நடுவில் புகுந்தேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது அதுதான் முதல் தடவை.

"பிளாட்டுல கம்பி அறுந்து தண்ணில கெடக்குது. கட்டையப் போடாதீங்க."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. ஆனால் நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திடுக்கிட்டு எழுந்துவிட்டாய், நைனா. தெரிந்து காவல் காத்தவருடைய முகமாக அது இல்லை. உன் கண் என் முழங்காலுக்குப் போனது, நனைந்த துணிக்குப் போனது, பிறகு என் கையிலிருந்த பைக்கு.

"நீ அந்தாண்ட எதுக்குப் போன?"

அதை மட்டும்தான் கேட்டாய். எழுந்து நின்றிருந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டாய். உன் கை மடிமேலேயே இருந்தது.

பிளாட்டுக்கு இறங்கும் இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அம்மா தன் சிவப்பு ஜாக்கெட்டை அதன் மேல் கட்டினாள். மதியத்துக்கு மேல் லைன்மேன் வந்தார். உன்னிடமிருந்து கட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

"இவ்ளோ தடியான கம்பிய எவன்யா சுத்துனது? இது எரியவே எரியாது. தண்ணில மாடு செத்தாலும் சரி, மனுசன் செத்தாலும் சரி, அதுபாட்டுக்கு நிக்கும்."

அடிக்கடி பீஸ் போகக் கூடாது என்று சுற்றியது சம்பத்து மாமாதான். தெரு முழுவதும் அதற்காக அவரைப் புகழ்ந்ததுண்டு. அவர் தரையைப் பார்த்தார். அவர் மகளும் தினமும் அந்தப் பிளாட் வழியாகத்தான் ஷிப்டுக்குப் போகிறாள். லைன்மேன் கம்பியைக் கட்டிப் புதுக் கட்டைகளைப் போட்டார். பழையதில் ஒன்று உன்னிடமே தங்கிவிட்டது.

இன்டர்வியூ அன்று நடக்கவில்லை. மழையில் என்னைப் போலப் பலருக்கும் அப்படி ஆனதாம். வேறு நாள் கொடுத்தார்கள். பேசினேன். வேலை கிடைத்தது. அந்த இன்டர்வியூ நடக்கும்போது நீ வாசலில் உட்கார்ந்து தெருவில் ஒரு நாயைக்கூடக் குரைக்க விடவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அது உன் பக்கம் சாட்சி. அன்று போனைப் பார்த்துவிட்டு நீ தலையைத் திருப்பிக்கொண்டது எதிர்ப்பக்கம் சாட்சி. நான் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஆபத்து இருக்கும் என்றுதான் உட்கார்ந்தாயா? என்னை நிறுத்த உட்கார்ந்ததில், நீ நினைக்காமலே என் உயிர் தப்பியதா? உன் முகம் திடுக்கிட்டது என்று சொன்னேன். வாழ்நாள் எல்லாம் சந்தேகப்பட்ட ஒருவருக்கு அது ஒருமுறை பலித்துவிட்டால் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதே.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்ற வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எதுக்கு நைனா கட்டையப் புடுங்குன?"

நீ என் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாய். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாய்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றாய். ரயில் வந்துவிட்டது.

இப்போது மழை விட்டுவிட்டது. அம்மா டப்பாவில் மிச்சமிருப்பதைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் மழை பெய்த மறுநாள், நான் தண்ணீரில் கால் வைக்கும் முன் மேலே அண்ணாந்து கம்பிகளை எண்ணுகிறேன். ஹாஸ்டல் பெண்கள் சிரிப்பார்கள். உன்மேல் உள்ள சந்தேகமும் அப்படியே என்னோடு இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

பீஸ் கட்டையைப் பனியனோடு சேர்த்து என் பைக்குள் வைத்தேன். "அது எதுக்குடி உனுக்கு?" என்றாள் அம்மா.

என்ன சொன்னேன் என்று உனக்கே தெரியும்.