சீரியஸ் என்று கொடுத்த தந்தி

கண்டரமாணிக்கம்
3-12-1966

சிரஞ்சீவி முத்துராமனுக்கு அப்பா சொல்லச் சொல்ல மெய்யநாதன் வாத்தியார் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். எல்லாரும் என்றால் உன் ஆத்தாவும்தான்யா, அவள் சாகவில்லை. இதை நன்றாகப் படித்துவிட்டு மேலே போ.

கண்மாய் உடைந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறியதில் மாட்டுக்கொட்டகைச் சுவர் ஊறி அவள் மேலே சாய்ந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உன்னை வரச் சொல்லத்தான் பெரியப்பா மகன் ஆசைத்தம்பியைத் தந்தியாபீசுக்கு அனுப்பினேன். அவன் ‘மதர் சீரியஸ்’ என்று கொடுத்துவிட்டு வந்தான். கருத்தையா மாமன் செத்ததுக்குக் கொழும்புக்குப் போனதும் அதுதான், உன் அப்பத்தாவை எடுத்தபோது மெட்ராசில் உனக்கு வந்ததும் அதுதான். இந்த ஊரிலிருந்து சாவுக்கு வேறு வார்த்தை போனதில்லை. அவனைத் திட்டினால், எல்லாரும் கொடுக்கிறதைத்தானே சித்தப்பு கொடுத்தேன், உசிரோட கிடக்கிறவுகளுக்கு இங்கிலீசில் எப்படிச் சொல்லணும்னு யாருக்குத் தெரியும் என்கிறான்.

நேற்று உன் கடுதாசி வந்தது. எப்படியும் எடுத்திருப்பீக, கப்பலேறி வந்தாலும் முகம் பார்க்க முடியாது என்று பினாங்குக் கடற்கரையிலேயே மொட்டை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். உன் ஆத்தா கட்டிலில் கிடந்தபடியே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வாத்தியார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகன் புறப்பட்டுட்டானாம் அக்கா என்று வாசித்துவிட்டார். அதிலிருந்து பாலுக்கு உறை ஊத்து என்று உன் தங்கச்சி அன்னக்கிளியைப் பிடுங்குகிறாள், தயிரில்லாமல் உனக்குச் சோறு இறங்காதாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரது என்கிறாள். சிவகங்கை டாக்டரும் கையை விரித்துவிட்டார், தை பிறக்கிறவரை தாங்குவதே பெரிது என்கிறார்.

இன்றைக்கு வாத்தியாரே போய் ‘மதர் ஈஸ் அலைவ். எ வால் ஃபெல் ஆன் ஹர். ஷீ ஈஸ் வெயிட்டிங் ஃபார் யூ’ என்று ஒரு வார்த்தை விடாமல் கொடுத்துவிட்டு வந்தார். உயிரோடு இருக்கிறாள், சுவர் விழுந்தது, உனக்காகக் காத்திருக்கிறாள் என்று அர்த்தமாம். அதையும் தேற்றலுக்குச் சொல்கிறோம் என்று நீ நினைத்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன். நம்புய்யா. இனி இங்கிருந்து எது வந்தாலும் முழுசாகத்தான் வரும். செத்தால் செத்துப்போனாள் என்றே போடச் சொல்லியிருக்கிறேன்.

மருமகளும் பிள்ளையும் நல்லாயிருக்கணும், குலசாமி உன்னைக் கரை சேர்க்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வா. அவிழ்க்கச் சொன்னால் சாமிக்கு முடி கொடுத்தேன் என்று சொல்லு. எந்தச் சாமிக்கு, என்ன வேண்டுதல் என்று கேட்பாள், அதையும் கப்பலிலேயே யோசித்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னக்கருப்பு
(கைநாட்டு)