கொட்டகை சிரித்த பாட்டு

1941, மாசி 9. இரவு.

நான் பாட்டு எழுதிய படம் பாகூர் டெண்டு கொட்டகைக்கு வந்திருக்கிறது. இன்று மாலை என் மனைவி அலமேலுவைக் கூட்டிப் போனேன். போயிருக்கக் கூடாது.

படக் கம்பெனியில் ஓர் இந்திப் பாட்டு இசைத்தட்டைக் கொடுத்து, அதே மெட்டில் தமிழில் எழுதச் சொன்னார்கள். எப்போதும் நடப்பதுதான். எனக்கு இந்தி தெரியாது. மெட்டு மட்டும் அழுகிற மாதிரி இருந்தது. எங்கள் பிள்ளை வாந்திபேதியில் போனபோது அலமேலு சொல்லி அழுத வரிகளை அப்படியே அதில் வைத்தேன். 'கூப்புட்டும் பேசாம கவுந்து கெடக்கறியே, ராசா.' எந்தக் காட்சிக்கு என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

திரையில் ஒரு குடிகாரன் கவிழ்ந்து கிடந்த கள்ளுப்பானையைக் கட்டிக்கொண்டு அதைப் பாடினான். கொட்டகையே சிரித்தது. பெண்கள் உட்காரும் பக்கம் சிரிப்பு இன்னும் அதிகம். அலமேலு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி பிடித்து எங்கள் ஊர் செலியமேட்டுக்குத் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் கேட்டாள்: "இனிமே அவனுக்கு நான் இன்னா சொல்லி அழுவறது?"

அவள் போய்ப் படுத்துவிட்டாள். தூங்கவில்லை என்று தெரிகிறது.

கம்பெனி அனுப்பிய அடுத்த இசைத்தட்டு மேசைமேல் இருக்கிறது. நாலு நாளாக அந்த மெட்டு மண்டைக்குள் ஓடியும் ஒரு வரிகூட வரவில்லை. இப்போது அவள் கேட்டதை வாய் தானாக அந்த மெட்டில் சொல்லிப் பார்க்கிறது.

ஓர் அசைகூடப் பிசகாமல் உட்காருகிறது.