ஓவனைத் தொடாத மூன்று நாள்

சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. புதுச்சேரி ஆராய்ச்சி லேபிலிருந்து மரக்காணம், அம்மா வீடு. நானாக வரவில்லை, கைடு மேடம் துரத்திவிட்டார்.

"திங்கக்கிழமை நான் வர்ற வரைக்கும் ஓவன் பக்கமே போகாத. ஊர்ல போய் இரு."

எல்லாம் இந்தக் கையால். இரண்டு வருட வேலை: புரொப்பிலீன் வாயுவை உள்ளே விட்டு, புரொப்பேனை வெளியே நிறுத்தும் பொருள். வலை மாதிரி: உலோகம் முடிச்சு, கரிம அமிலம் குச்சி, நடுவில் ஓட்டைகள். தூளாகவே நன்றாகப் பிரிக்கிறது. ஆனால் ஓட்டையின் அளவு தெரிய, எக்ஸ்ரேவுக்கு ஒரு நல்ல படிகம் வேண்டும். கரைசல் பாட்டிலை ஆட்டாமல் ஓவனிலேயே மெதுவாக ஆறவிட்டால் வரும். நான் எங்கே விட்டேன். தினமும் எடுத்துப் பார்த்து, ஒரு தட்டு. தினமும் தூள்.

உப்புப் பாத்தியில் பழகிய கை. உப்பைக் கிளறிக் கொடுக்காவிட்டால் பாளமாக இறுகிவிடும். படிகத்தைக் கிளறினால் போச்சு.

இப்போது ஓவனில் இருப்பது கடைசி பாட்டில். இதிலும் தூள் என்றால் இந்த வடிவமைப்பையே கைவிடச் சொல்லிவிட்டார் மேடம்.

ஞாயிறு

தூக்கம் சரியில்லை. புழுக்கம். வாங்க வேண்டியது: துணி சோப்பு, அம்மாவுக்குத் தைலம், ரீசார்ஜ்.

லேபில் காவலுக்கு ஜூனியர் ஷகிலா. அவளுக்கு மறுபடியும் போன்.

"அக்கா, ஓவன் மூடித்தான் இருக்குது. யாரும் தொறக்கல. போனை வைங்க."

எரிச்சல். அவள் மேல் இல்லை.

இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தது.

"சும்மா நடந்துக்கினே இருக்கியே, வந்து பாத்தியக் கிளறி வுடு."

போனேன். உப்பைக் கிளறும் பலகைக் கம்பைப் பிடித்ததும் கை அடங்கியது. இத்தனை படித்தும் இதில்தான் நிம்மதி. யாரிடமும் சொல்ல முடியாது.

சாயங்காலம் கரண்ட் போனது. அங்கேயும் போயிருக்குமோ? ஓவன் சட்டென்று ஆறிவிட்டால்?

திங்கள்

முதல் பஸ். மேடத்துக்கு முன்னாலேயே லேபில். ஓவன் கைப்பிடிக்கு எதிரே நின்றேன். ஷகிலா என்னையே பார்த்தாள்.

மேடம் வந்தார். "ம், எடு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஷகிலா எடுக்கட்டும் மேடம்."

மைக்ரோஸ்கோப்பில் அவள்தான் முதலில் பார்த்தாள். "அக்கா, நாலு படிகம் இருக்குது. மூலையெல்லாம் கூரா, சுத்தமா."

அழுகை வந்துவிட்டது. மேடம் பார்க்காத மாதிரி இருந்தார். வேலை தொடரலாமாம். எக்ஸ்ரே முடிவு வர நாளாகுமாம்.

முடிவு வரும் வரை இந்தக் கையை என்ன செய்வது? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கிளறாத பாத்தி எதுனா இருக்குதாம்மா? வர்றேன்."