வட்ட வைரத்துக்கு நான் எழுதிய பொய் விலை

அனுப்புநர்:
சிவகுரு நிஷாந்தினி,
அனுமதிப்பத்திரம் பெற்ற இரத்தினக்கல் மதிப்பீட்டாளர்,
உப்புவெளி, திருகோணமலை.

பெறுநர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
திருகோணமலை.

விடயம்: 15.06.2025 அன்று நான் கையொப்பமிட்ட வைர மதிப்பீட்டுப் பத்திரம் பொய்யானது என்பதும், அதைக் காட்டி வரும் வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணின் வீடு எழுதி வாங்கப்படவுள்ளமையும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இருபத்தொரு வருடங்களாகக் கற்களுக்கு விலை சொல்லி வருகிறேன். இதுவரை எழுதிக் கொடுத்த பத்திரங்களில் ஒன்று மட்டுமே பொய். அந்த ஒன்றைப் பற்றியே இம்மனு.

2. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் கிருஷாந்தன் என்பவரிடம் ஒரு பெரிய வட்ட வைரம் உள்ளது. கப்பலில் வந்த ஒருவரிடம் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாகச் சொல்கிறார். அவருடைய தங்கை யதுர்சினி, தகப்பனார் சீதனமாக எழுதிக் கொடுத்த கடற்கரை வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுடன் வசிக்கிறார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அந்த வீட்டை விடுதி கட்டுபவர்களுக்கு விற்க விரும்பும் கிருஷாந்தன், வீட்டுக்குப் பதிலாக வைரத்தை எடுத்துக்கொள்ளுமாறு தங்கையை நெருக்கி வந்துள்ளார். யதுர்சினி வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "நிஷா அக்கா பாத்து எழுதித் தந்தா நான் கையெழுத்து வைக்கிறன்." என்னை நம்பிச் சொல்லியிருக்கிறார்.

3. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவ்வீட்டுக்குச் சென்றேன். யதுர்சினியுடன் கிருஷாந்தனும் அவருடைய தம்பி தனுசனும் அங்கு இருந்தனர். கிருஷாந்தன் கல்லைத் தருவதற்கு முன்னர் அறையிலிருந்த கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். அதன் கதவில் ஏழெட்டுக் கீறல்கள் இருந்தன. "கண்ணாடியையே வெட்டுது அக்கா. நீங்கள் விலையைப் போட்டாச் சரி" என்றார். நல்ல வைரமும் கண்ணாடியை வெட்டும், கெட்ட வைரமும் வெட்டும். இது தெரியாமல்தான் அவர் அந்தக் கல்லுக்குப் பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

4. வெள்ளைத் தாளில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்தேன். நிறை ஐந்து கரட்டுக்குச் சற்று மேல். வட்டம் ஒழுங்கானது, பட்டை தீட்டியதிலும் குறையில்லை. ஆனால் கவிழ்த்து வைத்தபோது மஞ்சள் சாயல் தெரிந்தது. சரித்துப் பார்த்தபோது உள்ளே ஊதா நிறத்தில் ஒரு கீற்று மின்னி மறைந்தது. மேற்பரப்பிலிருந்து விளிம்புவரை இறங்கும் வெடிப்பு அது. வெடிப்புக்குள் கண்ணாடிக் குழம்பை உருக்கி நிரப்பி மறைத்திருக்கிறார்கள். மோதிரம் கட்டுபவர் நெருப்புக் காட்டினால் குழம்பு வெளியே வந்துவிடும். வெடிப்பில்லாத வெள்ளைக் கல்லாக இருந்தால் மூன்று கோடி ரூபாய்க்குக் குறையாது. இது முப்பத்தைந்து இலட்சம். அதையே சொன்னேன்.

5. "வடிவாப் பாருங்கோ" என்றார் கிருஷாந்தன். மூன்று தடவை பார்த்தேன், விலை மாறவில்லை. பின்னர் தனுசன் வாசற்கதவைப் பூட்டினார். கிருஷாந்தன் என் இடது கையைப் பிடித்து அலுமாரிக் கதவின் இடுக்கில் வைத்து, கதவைத் தோளால் அடித்துச் சாத்தினார். இடது கை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கையொப்பமிட எனக்கு வலது கை வேண்டும் என்பதை அவர் அந்த ஆத்திரத்திலும் மறக்கவில்லை. "இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். முப்பத்தைந்து இலட்சம் என்றேன். மறுபடியும் சாத்தினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பவும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். வீரம் காட்டினேன் என்று எழுதவில்லை. வேறு விலை என் வாயில் வரவில்லை.

6. அதன் பிறகு என் கையை விட்டுவிட்டார். தங்கையின் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து முகத்தை அலுமாரிக் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி உடைந்தது. இரண்டாம் தடவை மோதியபோது உடைந்த விளிம்பு புருவத்துக்கு மேலே கிழித்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் இருந்தபடியால் யதுர்சினி கத்தவில்லை, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மூன்றாம் தடவைக்கு அவருடைய தலையைப் பின்னால் இழுத்தபோது நான் பேனையைக் கேட்டேன். தனுசன் சொல்லச் சொல்ல எழுதினேன்: வெடிப்பு இல்லை, சாயல் இல்லை, பெறுமதி மூன்று கோடி ரூபாய். தாளில் இரத்தம் பட்டுவிட்டதால் வேறு தாள் தந்து மீண்டும் எழுதச் செய்தனர். இரண்டாவது தாளில் என் எழுத்து முதலாவதைவிட நேராக இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

7. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுப் வாசற்படலையைத் தட்டிய அயல்வீட்டு றுக்கியா என்பவரே என்னை ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். மூன்று விரல்களில் எலும்பு முறிந்துள்ளது. அன்று மாலை பொலிஸ் நிலையத்தில் என் முறைப்பாட்டைப் பதிந்த உத்தியோகத்தர் "குடும்பத் தகராறு, கதவில் நசிந்த சிறு காயம்" என்று எழுதினார். ஒரு பொருளின் தரத்தை மாற்றி எழுதுவது எவ்வளவு சுலபம் என்பதை அன்று காலையில்தான் நானும் செய்து பார்த்திருந்தேன். யதுர்சினி நெற்றியில் ஏழு தையல்களுடன் வந்து, தான் வழுக்கி விழுந்ததாகவும் தனக்கு முறைப்பாடு இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் வெளியே கிருஷாந்தனின் வாகனத்தில் இருந்தனர். அவரை நான் குறைசொல்லவில்லை.

8. வரும் வெள்ளிக்கிழமை, 20.06.2025 காலை பத்து மணிக்கு, நொத்தாரிசு முன்னிலையில் வீட்டு உறுதிப்பத்திரம் மாற்றி எழுதப்படவுள்ளது. நேற்றுத் தொலைபேசியில் யதுர்சினியைத் தடுக்கப் பார்த்தேன். "அக்கா, நீங்கள் எழுதினது பொய் எண்டு எனக்குத் தெரியும். நான் கையெழுத்து வைக்கப் போறன். பிள்ளையள் இருந்தாப் போதும்" என்றார். அத்துடன் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

9. அவர் முறையிட மாட்டார். என் காயம் சிறு காயமாகிவிட்டது. குடும்பத் தகராறு என்று எவராலும் எழுத முடியாத குற்றம் இதில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பொய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்துள்ளார். கையொப்பம் என்னுடையதே, எந்த இடத்திலும் மறுக்க மாட்டேன். என்மீது வழக்குப் பதிந்தால் அந்தப் பத்திரமும் வைரமும் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்துக்குப் போகும். வேறொரு நிபுணர் கல்லைப் பார்ப்பார். அதுவரை அந்தத் தாளைக் காட்டி எவரும் உறுதி எழுத முடியாது. என் அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்பதை அறிவேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

10. ஆகையால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னர், இவ்விடயத்தில் முதலாவது சந்தேக நபராக என்னைக் கைது செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மற்ற இருவரின் பெயர்களையும் எனக்குக் கீழே சேர்த்துக்கொள்ளலாம். நாளை காலை எட்டு மணியிலிருந்து மாற்றுடுப்புடன் தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன். கையில் கட்டுடன் வந்த பெண் என்று இரக்கப்பட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

திகதி: 18.06.2025
இடம்: திருகோணமலை

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சி. நிஷாந்தினி

பிரதி: காணிப் பதிவாளர், திருகோணமலை.