கயிறு சுருங்கவில்லை

பரளச்சி
8.12.2024

அன்புள்ள மச்சானுக்கு மாரீஸ்வரி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளையும் உங்கள் அம்மாவும் இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் சொல்வீர்கள். போனில் வயிறு என்று வாயெடுத்தாலே டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதை வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

தீபாவளிக்குப் பிறகு மழை எட்டிப் பார்க்கவில்லை. பருத்தி முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கிறது. அது கிடக்கட்டும்.

காசிராஜன் அண்ணன் உடலைச் சோலாப்பூரில் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியவர் நீங்கள். இங்கே இறக்கிய பிறகு நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிப்பாட்டும்போது அரைஞாணை அறுக்கப் போனார்கள். கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது, கத்தி நுழையவில்லை. பிளேடு வாங்கி வரச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு. முறுக்குச் சட்டி முன்னால் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள். அவர் பெண்சாதி முத்துத்தாய் அழவில்லை, அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உங்கள் இடுப்புத்தான் கண்ணில் வந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வரும்போது கயிறு இறுக்கும். தண்ணீரில் நனைந்து சுருங்கிவிட்டது என்பீர்கள். நானும் நம்பி இரண்டு விரல் நீளம் கூட்டிக் கட்டிவிடுவேன். உங்கள் அம்மாவுக்குப் பெருமை. உங்கள் அப்பா கூலிக்குக் களை வெட்டி வயிறு ஒட்டிப்போய்ச் செத்தவர். "நம்ம வீட்டுல தொப்பை போட்ட மொத ஆளு எம்மகன்தான்" என்று தெருவெல்லாம் சொன்னார்கள். நானும்தான் சிரித்தேன். நீங்கள் வந்தபோதெல்லாம் வாரம் மூன்று நாள் கறி எடுத்துப் போட்டேனே, பாவி.

போன பொங்கலுக்கு அறுத்த கயிறு ஜன்னல் கம்பியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை டாக்டரிடம் போனேன். ஆளைக் கூட்டி வராமல் கயிற்றைக் கொண்டு வந்திருக்கிறாயே என்று சிரித்தார். டேப்பை வைத்து அளந்தார், நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். பிறகு சிரிக்கவில்லை. ஆம்பளைக்குத் தொண்ணூற்றைத் தாண்டக் கூடாதாம். கயிறு தொப்பைக்குக் கீழே நிற்பதால் வயிறு இன்னும் கூடத்தான் இருக்கும் என்றார். வெளியே தெரிவதை விட உள்ளே ஈரலையும் குடலையும் சுற்றிப் படிகிற கொழுப்புத்தான் ஆபத்தாம். சுகரும் பிரஷரும் அதில்தான் வருமாம், கடைசியில் நெஞ்சில் போய் நிற்குமாம். படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். பஸ் படிக்கே வாங்கும் என்றேன். சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார்.

பாமாயிலில் பொரித்ததைத் தின்னாதீர்கள். காலையில் கொஞ்ச தூரம் நடங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் அங்கேயே ரத்தம் சோதித்துப் பாருங்கள். கோபப்படுங்கள், திட்டுங்கள், ஆனால் போங்கள்.

கவருக்குள் புதுக் கருப்புக் கயிறு வைத்திருக்கிறேன். தொண்ணூறுதான், இப்போது உங்களுக்கு எட்டாது. சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வையுங்கள்.

புதியதைக் கட்டிய பிறகே பழையதை அறுப்பது நம் வழக்கம். அன்றைக்குக் காசிராஜன் அண்ணனுக்குப் புதியதை யாரும் கட்டவில்லை. மச்சான், பொங்கலுக்கு முன்பே வந்துவிடுங்கள். என் கையால் புதியதைக் கட்டிவிட்டு, பழையதை நானே அறுக்கிறேன். வேறு யார் கையும் அதில் பட வேண்டாம்.

வழியையே பார்த்திருக்கும்,
மாரீஸ்வரி